எட்டு மைக், ஒரே கடிகாரம்: கையைக் கடிக்காமல் மைக் வரிசைக்குப் பெட்டி வாங்குவது

"அண்ணே, ஆயிரம் ரிங்கிட் இருக்கு, எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். ஒற்றை மைக்கில் பாட்டுப் பதிய அது சரியான கேள்வி. நாலோ எட்டோ மைக்கை வரிசையாக வைத்து, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கவோ, ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்கவோ போகிறவர்களுக்கு மைக் கடைசிக் கேள்வி. அத்தனை மைக்கும் போய்ச் சேருகிற, சத்தத்தை எண்ணாக்கிக் கணினிக்குத் தருகிற பெட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காசில் பெரும்பங்கும் அங்கேதான் போக வேண்டும்.

நான் பினாங்கு, பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வார இறுதியில் சில நண்பர்களோடு சேர்ந்து பழைய தோட்டத்து ஆட்களின் பாட்டைப் பதிகிறேன். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கித்தாக்காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) பாடிய கிண்டல் பாட்டு, எது கிடைத்தாலும் சரி. தோட்டம் போய் அடுக்குமாடி வந்துவிட்டது, பாடுகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். எண்பது வயதுப் பாட்டி மெல்லிய குரலில் பாடுவார். தலைக்கு மேல் காற்றாடி, சுவருக்கு அந்தப் பக்கம் டிவி, கீழே மோட்டார் சைக்கிள். "காத்தாடிய கொஞ்சம் நிறுத்தலாமா பாட்டி?" என்று கேட்டால், "வேர்த்துக் கொட்டுமேய்யா" என்பார். அதற்கு மேல் பேச முடியுமா? ஒருவர் பாடினால் சட்டையில் மைக் குத்திச் சமாளிக்கலாம். மூன்று பாட்டிகள் உட்கார்ந்து, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்ற இருவர் வாங்கிப் பாடினால், யார் குரல் எது என்று பிரிக்க மைக் வரிசை வேண்டும்.

வரிசை வேலை செய்வது நேர வித்தியாசத்தை வைத்து. பாட்டியின் குரல் பக்கத்து மைக்குக்கு முதலில் வரும், தள்ளி இருக்கிற மைக்குக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டுச் சரிசெய்து எல்லா சானலையும் (மைக்குக்கு ஒரு தனித் தடம்) கூட்டினால், பாட்டியின் குரல் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும், மற்ற திசைச் சத்தம் சேராமல் தங்கிவிடும். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவது என்றால் நொடிக்கு 48,000 முறை சத்தத்தை அளப்பது, ஒவ்வோர் அளவும் ஒரு சேம்பிள். அப்படிப் பதிந்தால், ஒரு சேம்பிளுக்கும் அடுத்த சேம்பிளுக்கும் நடுவே ஒலி நகர்வது 7 மில்லிமீட்டர் சொச்சம். நாம் விளையாடுவது இந்த அளவு நுணுக்கத்தில்.

கடிகாரக் கணக்கு

கடைக்காரர் சொல்வார்: "எட்டு சானல் பெட்டி விலை அதிகம் தம்பி, நாலு சானல் ரெண்டு வாங்கிக்க, கூட்டினா எட்டுதானே?" கூட்டினால் எட்டுதான், ஆனால் வரிசை ஆகாது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சேம்பிள் எடுக்கத் தாளம் போடும் ஒரு படிகம் இருக்கிறது. இரண்டு பெட்டியிலும் 48,000 என்று எழுதியிருந்தாலும் இரண்டு படிகமும் அச்சாக ஒரே வேகத்தில் துடிக்காது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம், அதைக் குறை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 20 பங்கே நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு சேம்பிள் விலகல். பத்து நிமிடத்தில் 576 சேம்பிள், அதாவது 12 மில்லிநொடி. ஒலி அதற்குள் 4 மீட்டர் போய்விடும். பாட்டி நாற்காலியைவிட்டு அசையவே இல்லை, கணக்கில் மட்டும் சமையலறைக்குப் போய்விடுவார். தைப்பூசத்தில் இரண்டு உறுமி மேளக் குழு அடுத்தடுத்து வாசித்துக்கொண்டு தண்ணீர்மலைக்கு நடந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான். ஒவ்வொரு குழுவும் தனக்குள் சுத்தமாக வாசிக்கும், இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தாளம் நிற்காது.

மேக் கணினியில் இரண்டு பெட்டியை ஒன்றாகக் காட்டும் வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. விலகலைத் திருத்தி ஓட்டவும் செய்யும். ஆனால் பதிவு தொடங்கும் கணத்தில் இரண்டுக்கும் நடுவே எத்தனை சேம்பிள் இடைவெளி என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பாட்டுக் குழுவைப் பதிய அது போதும், நம் வேலைக்கு ஆகாது. நாலு கைத்தொலைபேசியை மேசையில் வைத்துப் பதிவதும், நாலு யூஎஸ்பி மைக்கை ஒரே கணினியில் செருகுவதும் இதே கதைதான். போதாததற்குத் தொலைபேசி தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும், இரைச்சலை வெட்டும். குரலின் அளவை அது மாற்றிவிட்ட பிறகு ஒப்பிட என்ன இருக்கிறது?

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்று: எல்லா சானலும் ஒரே கடிகாரத்தில் ஓடுமா? ஒரே பெட்டி என்றால் ஓடும். இரண்டு பெட்டி என்றால், ஏடாட் ஒளிக்கம்பி (எட்டு சானலையும் தாளத்தையும் ஒளியாகக் கடத்துவது) வழியாகவோ வேர்டு கிளாக் கம்பி (தாளத்தை மட்டும் கடத்துவது) வழியாகவோ ஒன்று இன்னொன்றின் தாளத்துக்கு அடங்கி ஓட வேண்டும். இப்படி அடங்கி ஓட வழியே இல்லாத பெட்டியை அதில் இருக்கிற சானலுக்கு மேல் வளர்க்க முடியாது, அது தெரிந்தே வாங்குங்கள்.

எத்தனை மைக், எவ்வளவு தள்ளி

ஒவ்வொரு மைக்கிலும் இரைச்சல் வேறு வேறாக இருந்தால், நாலு மைக்கைக் கூட்டுவதால் 6 டெசிபெல் லாபம், எட்டில் 9, பதினாறில் 12. ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கிடைப்பது 3 டெசிபெல்தான், செலவு மட்டும் முழுசாக இரட்டிக்கும். ஒரே ஒருவர் எந்தத் திசையில் என்று பார்க்க நாலு போதும். குரலைப் பிரித்தெடுக்க எட்டு. பதினாறு என்பது தொழிற்சாலையில் காற்றுக் கசிவு எங்கே என்று தேடுகிறவர்களுக்கு. வீட்டுக்குள் பாட்டுப் பதிய எட்டில் நின்றுகொள்ளலாம் என்பது என் முடிவு.

இடைவெளிக்குக் கணக்கு எளிது: பிரிக்க வேண்டிய அதிகபட்ச அதிர்வெண்ணின் அலைநீளத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 4 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 8.7 சென்டிமீட்டர், பாதி 4.4. அதைத் தாண்டினால் ஒரே குரல் இரண்டு திசையில் இருப்பதுபோல் காட்டும். நெருக்கமாகவே, 4 சென்டிமீட்டர் விட்டு வைத்தால் எட்டு மைக்கும் 28 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த நீளத்தில் தாழ்ந்த குரலின் திசை பிடிபடாது, ஏனென்றால் 200 ஹெர்ட்ஸின் அலை ஒன்றே முக்கால் மீட்டர் நீளம். அதனால் சமமாக வைக்காமல் 16, 8, 4, 4, 4, 8, 16 சென்டிமீட்டர் என்று விடுங்கள். மொத்தம் 60 சென்டிமீட்டர், ஒரு அலுமினியச் சட்டம் போதும். துளையை மில்லிமீட்டர் சுத்தமாகப் போடுங்கள். ஒரு சேம்பிளே 7 மில்லிமீட்டர் எனும்போது 5 மில்லிமீட்டர் பிசகு சின்ன விஷயம் இல்லை.

காற்றாடிக்காரர்கள் இதைக் கவனிக்கணும். சட்டத்தைப் படுக்கை வசத்தில் பாட்டிக்கு நேர் எதிரே வைத்தால், பாட்டியின் குரலும் நேர் மேலே சுற்றும் காற்றாடியின் சத்தமும் எல்லா மைக்குக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும். நேர்கோட்டு வரிசைக்கு இடம் வலம் தெரியும், மேல் கீழ் தெரியாது. சட்டத்தை நிமிர்த்தி வைத்தால் மேல் கீழ் தெரியும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பாட்டிகள் ஒருவராகிவிடுவார்கள். அதனால் என் சட்டம், திருகைத் தளர்த்தினால் படுக்கவும் நிற்கவும் திரும்புகிற மாதிரி மைக் ஸ்டாண்டில் மாட்டியிருக்கிறது. தனியாகப் பாடினால் நிமிர்த்துவேன், கும்மி என்றால் படுக்க வைப்பேன். காற்றாடியின் அடித்தொண்டை உறுமலை மட்டும் எந்த வரிசையும் முழுசாக எடுக்காது, அதைச் சாதாரண ஃபில்டரில் வெட்டிவிடுவதுதான் மலிவு. காற்றே மைக்கில் அடிக்காமல் இருக்கப் பஞ்சு உறை போடுங்கள்.

எந்தப் பெட்டி

வாங்கி வந்ததும் யூஎஸ்பியில் செருகிப் பதியக்கூடிய தயார் வரிசைகள் உண்டு. பழைய பிளேஸ்டேஷன் 3-இன் ஐ கேமராவில் நாலு மைக் ஒரே வரிசையில் இருக்கும். பழைய சாமான் விற்கிறவர்களிடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கற்றுக்கொள்ள அதைவிட மலிவானது எனக்குத் தெரியாது. ரெஸ்பீக்கர் 2.0 வட்டப் பலகையில் நாலு மைக், ஆனால் பதிவு வேகம் 16 கிலோஹெர்ட்ஸ்தான் உச்சம். பேச்சை எழுத்தாக்க அது தாராளம், பாட்டைக் காலத்துக்கும் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் போதாது. மினிடிஎஸ்பியின் யூஎம்ஏ 8-இல் ஏழு மைக், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. யூஎம்ஏ 16-இல் நாலுக்கு நாலாகப் பதினாறு, 42 மில்லிமீட்டர் இடைவெளி, பதிவு வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் வரை. மேலே சொன்ன பாதி அலைநீளக் கணக்கை அந்த 42-க்குப் போட்டுப் பாருங்கள், 4.1 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை திசை சுத்தமாக வரும். பரப்பாக இருப்பதால் மேல் கீழ், இடம் வலம் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

இந்தப் பலகைகளில் இரண்டு சிக்கல். ஒன்று, சில பலகைகள் உள்ளேயே திசை பிரித்து, இரைச்சல் வெட்டி, முடிவை மட்டும் தரும். வாங்குமுன் ஒவ்வொரு மைக்கின் மூலச் சத்தமும் தனித்தனி சானலாக வருமா, அதற்குப் பலகைக்குள் ஓடும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) மாற்றி ஏற்ற வேண்டுமா என்று பாருங்கள். இன்னொன்று, இந்தச் சின்ன மெம்ஸ் மைக்குகளின் (சிலிக்கான் சில்லில் செய்தவை) சொந்த இரைச்சல். சிக்னல் இரைச்சல் விகிதம் 65 டெசிபெல் என்று போட்டிருந்தால், மைக்கை அளக்கப் போடும் சத்தமான 94-இலிருந்து அதைக் கழியுங்கள், 29 டெசிபெல் இரைச்சலை மைக்கே போடுகிறது என்று அர்த்தம். பிரைமோ ஈஎம் 272 போன்ற எலெக்ட்ரெட் மைக்கில் அது 14. மெல்லிய ஒப்பாரியில் இந்த வித்தியாசம் காதுக்கே தெரியும்.

சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஐஎன்எம்பி 441 மைக்கை ஈஎஸ்பி 32 பலகையில் கட்டலாம். காசு மிகக் குறைவு. அதில் ஐ2எஸ் என்ற டிஜிட்டல் ஒலி வழி இரண்டு, வழிக்கு இரண்டு மைக், ஆக நாலு. இரண்டு வழியும் ஒன்றாகத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. மாணவர்களுக்கு நல்ல பயிற்சி, பாட்டியின் வீட்டுக்கு நான் அதை எடுத்துப் போக மாட்டேன்.

என் வாக்கு, எட்டு ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) உள்ள ஆடியோ இன்டர்ஃபேசுக்குத்தான், அதாவது யூஎஸ்பியில் கணினியோடு சேரும் பதிவுப் பெட்டிக்கு. பெரிங்கர் யூஎம்சி 1820 இந்த வகையில் மலிவானது: எட்டு மைக் வாய், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை, பின்னால் ஏடாட் ஒளித்துளை. நாளைக்கு ஆசை வந்தால் அதே நிறுவனத்தின் இன்னோர் எட்டு ப்ரீஆம்ப் பெட்டியான ஏடிஏ 8200-ஐ ஒளிக்கம்பியில் சேர்த்து 48 கிலோஹெர்ட்ஸில் பதினாறு ஆக்கிக்கொள்ளலாம். ஏடிஏ 8200-இன் பின்னால் கடிகாரம் யாருடையது என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருக்கிறது. அதை ஏடாட் உள்வரவுக்குத் திருப்பி, 1820-இலிருந்து போகும் ஒளிக்கம்பியையும் மாட்டினால்தான் அது அடங்கி ஓடும். பலர் சத்தம் வரும் கம்பியை மட்டும் மாட்டிவிட்டு, நடுநடுவே டிக் டிக் என்று கேட்கிறது என்பார்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20-யும் எட்டு ப்ரீஆம்ப் பெட்டிதான், விலை கூடுதல்.

கொஞ்சம் கூட்டிப் போட முடிந்தால் பெரிங்கர் எக்ஸ்ஆர் 18-ஐப் பாருங்கள். மேடைக்கான டிஜிட்டல் மிக்சர், பதினாறு ப்ரீஆம்ப், யூஎஸ்பியில் பதினெட்டு சானல், 48 கிலோஹெர்ட்ஸ்தான் உச்சம். எனக்கு அதில் பிடித்தது கெயின் (சத்தத்தை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) எண்ணாக இருப்பது. எட்டு சானலுக்கும் 32 என்று போட்டுச் சேமித்தால், அடுத்த மாதமும் 32-தான். கையால் திருகும் குமிழில் எட்டையும் ஒரே அளவில் நிறுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. 1820 வைத்திருப்பவர்கள் குமிழ்களைச் சரிசெய்ததும் நகப்பூச்சில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

மின்சாரம் இல்லாத இடத்தில், கோயில் ஊர்வலம் மாதிரி, ஜூம் எஃப் 8 வகை ரெக்கார்டர்தான். எட்டு மைக் வாய், பேட்டரியில் ஓடும், கணினி வேண்டாம். ஆனால் அந்த விலைக்குக் கையைக் கடிக்காத என்ற பேச்சே இல்லை. தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள்.

மைக், கம்பி

எட்டும் ஒரே மாதிரியாக, ஒரே தொகுதியில் வாங்கியதாக இருக்க வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் ஆம்னி வகைதான். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் பாட்டு மைக்கில், சத்தம் வரும் கோணத்தைப் பொறுத்து அலையின் போக்கே மாறும், கணக்கு குழம்பும். வீட்டில் வீணாகக் கிடக்கும் ஆறு விதமான மைக்கை மாட்டிப் பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். பெரிங்கர் ஈசிஎம் 8000 போன்ற அளவீட்டு மைக் எட்டு வாங்குவது நேரான வழி. மலிவு வழி, எலெக்ட்ரெட் கேப்சூல் (மைக்கின் உள்ளே இருக்கும் சின்ன வில்லை) வாங்கி நாமே கட்டுவது. அப்போது ஒன்று: 48 வோல்ட் வரும் வாயில் கேப்சூலை நேராக மாட்டாதீர்கள், அது சில வோல்ட்டில் ஓடுகிற சாமான். நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அடாப்டர் வேண்டும். இரண்டு மூன்று கேப்சூல் கூடுதலாக வாங்கி, எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி ஸ்பீக்கரில் இரைச்சல் போட்டுப் பதிந்து, அளவில் ஒத்துப்போகாததை ஒதுக்குங்கள்.

கம்பி எட்டும் ஒரே நீளம் இருந்தால்தான் நேரம் சரியாக வரும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. 5 மீட்டர் நீள வித்தியாசத்துக்குக் கம்பியில் ஆகும் தாமதம் நானோநொடிக் கணக்கு, ஒரு சேம்பிளோ 20.8 மைக்ரோநொடி. காசை அதில் போடாதீர்கள்.

எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது

கேப்சூல், கனெக்டர், அலுமினியப் பெட்டி மாதிரி சில்லறைச் சாமானுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் பசார் கடைகள் இருக்கின்றன, கணினிப் பக்கச் சாமானுக்கு லோ யாட் கடைத்தொகுதி. ஷோப்பி இணையக் கடையில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் 500 ரிங்கிட்டுக்குள் வாங்கினால் 10 விழுக்காடு வரி சேரும், 2024 ஜனவரி 1 முதல் அப்படி. விலையை ஒப்பிடும்போது அதையும் கூட்டிப் பாருங்கள். பெரிய பெட்டியை முடா விளம்பரத் தளத்தில் பழையதாக வாங்குவதில் தப்பில்லை. கொரோனா காலத்தில் வீட்டில் ஸ்டுடியோ போடுகிறேன் என்று வாங்கிய பல பெட்டிகள் இன்னும் அலமாரியில் தூங்குகின்றன.

பழையது வாங்கப் போகும்போது மடிக்கணினி, ஒரு 48 வோல்ட் மைக், ஒரு கம்பி, ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். புக்கிட் மெர்தாஜாமில் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் இப்படித்தான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். "எட்டும் நல்லா ஓடும் பாஸ்" என்றார். 48 வோல்ட்டைப் போட்டு ஒவ்வொரு வாயிலும் இருக்கும் மூன்று பின்னில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் அளந்தேன். 44-இலிருந்து 52 வோல்ட்டுக்குள் எது வந்தாலும் சரி. ஆறு வாய் வரை 47 சொச்சம். ஏழாவதில் இரண்டாவது பின் 47, மூன்றாவது பின் 9. மைக்கை மாட்டினால் சத்தம் வரும், ஆனால் மெலிந்து, கரகரவென்று வரும். 48 வோல்ட் தேவைப்படாத டைனமிக் மைக்கில் பாடிக்காட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, அவர் பயன்படுத்தியது இரண்டு வாய் மட்டும். விலையைக் குறைக்கிறேன் என்றார். எனக்கு எட்டு வேண்டும், நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டுக் குமிழையும் மெதுவாக முழுசாகத் திருப்பிக் கேளுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே அரித்துக் கரகரக்கும். வாங்கி வந்த பிறகு மைக்குகளைக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியிலோ, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவிலோ வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

விண்டோஸ் தன் வழக்கமான பாதையில் எட்டு சானலை இரண்டிரண்டு ஜோடியாகக் காட்டும். பெட்டி செய்த நிறுவனத்தின் ஏஎஸ்ஐஓ டிரைவரை (பெட்டியோடு நேரடியாகப் பேசும் மென்பொருள்) போட்டு, ரீப்பர் போன்ற மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்தால் எட்டும் ஒன்றாக வரும். லினக்ஸில் ஏரெக்கார்ட் கட்டளைக்கு சானல் எண்ணிக்கை எட்டு என்று கொடுத்தால் முடிந்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எட்டு சானல் மணிக்கு 4.1 கிகாபைட் தின்னும். சாதாரண வேவ் கோப்பு 4 கிகாபைட் எல்லையை ஒரு மணி நேரம் தாண்டியதுமே முட்டிக்கொள்ளும். பதினாறு சானலில் அரை மணியிலேயே. பாட்டி சூடு பிடித்துப் பாடும்போது அது நடக்கும், ஆகவே அந்த எல்லை இல்லாத ஆர்எஃப் 64 கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

பிறகு எட்டு மைக்கின் தலையையும் ரப்பர் பேண்டில் ஒன்றாகக் கட்டி, அரை மீட்டர் தள்ளி இரண்டு கரண்டியைத் தட்டுங்கள். பதிவை ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தட்டுங்கள். அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டிலும் முனை ஓரிரு சேம்பிளுக்குள் நிற்க வேண்டும், ஒரு மணி கழித்தும் அதே இடைவெளி இருக்க வேண்டும். இரண்டாவது தட்டில் ஏதாவது சானல் நகர்ந்திருந்தால் கடிகாரம் தனியாக ஓடுகிறது, கம்பியையும் சுவிட்சையும் பாருங்கள். ஒரு சானலின் முனை மட்டும் தலைகீழாக இருந்தால் அந்தக் கம்பியில் இரண்டாவது, மூன்றாவது பின் மாறிப் பிடிக்கப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு பதிவிலும் அறையின் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். குளிரூட்டிய 23 டிகிரி அறையில் ஒலி நொடிக்கு 345 மீட்டர், 32 டிகிரி அடுக்குமாடி வீட்டில் 351. பைரூம்அகூஸ்டிக்ஸ், அகூலார் போன்ற இலவசப் பைத்தான் மென்பொருள்கள் மைக் இருக்கும் இடங்களோடு இந்த வேகத்தையும் கேட்கும். கோப்பின் பெயரிலேயே தேதி, சட்டம் நின்றதா படுத்ததா, வெப்பம் எத்தனை என்று நான் எழுதிவிடுகிறேன்.